கை வைக்காத முகம்

விளக்கை வளைத்து ரூபிந்தரின் தாடைக்கு நேராக நிறுத்திவிட்டு, பூதக்கண்ணாடியை மூக்கின் மேல் இறக்கிக்கொண்டு குனிந்தாள் கம்லேஷ். விரலால் தோலை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, கையுறையைக் கழற்றிவிட்டாள்.

"பிடுங்கிட்டு வந்திருக்கீங்க."

ரூபிந்தர் படுத்தபடியே தலையை ஆட்டினாள். அன்று காலை ஐந்து மணிக்கு, கன்னாவில் தன் வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, வாளியில் தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் ஒன்றுவிடாமல் பிடுங்கியிருந்தாள். வேலைக்காரி வருவதற்குள் வீட்டைப் பெருக்கி வைக்கிற பெண்கள் உண்டல்லவா, ரூபிந்தர் அந்த வகை. முடியை எடுக்கிறவளிடம் போவதற்குக்கூட முடி இல்லாத முகம் வேண்டியிருந்தது.

"கண்ணு காட்ட வந்துட்டு கண்ணை வீட்டுல வெச்சிட்டு வந்த மாதிரி இருக்கு பெஹன்ஜி" என்றாள் கம்லேஷ். ஐம்பது வயதிருக்கும். லூதியானாவில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தத் தோல் மருத்துவமனையின் கடைசி அறையில் இருபது வருடமாக ஊசி பிடிக்கிறவள். வெட்கத்தோடு வந்து படுக்கிற பெண்களைப் பார்த்துப் பார்த்து, அவளிடம் வெட்கம் என்ற சரக்கே தீர்ந்துபோயிருந்தது. "முடி வெளியில தெரிஞ்சாத்தான் அது பக்கத்துல ஊசியை இறக்க முடியும். வேர்ல ஒரு பொட்டு கரண்ட் விடுவேன். வேர் செத்துப்போகும். அப்புறம் அந்த இடத்துல ஜென்மத்துக்கும் முளைக்காது. ஆனா ஒவ்வொண்ணா பண்ணணும். பிடுங்கிட்டு வந்தா நான் எந்த ஓட்டையில போய் தேடறது?"

"லேசர்னு ஒண்ணு சொல்றாங்களே."

"முன்னறையில டாக்டர்கிட்ட இருக்கு. போங்க, எனக்கு ஒண்ணும் பொறாமை இல்ல. சட்டுனு குறையும். ஆனா லேசருக்குக் கறுப்பு மட்டுந்தான் கண்ணு தெரியும். உங்க வயசுக்கு நாலஞ்சாவது நரைச்சிருக்கும், அது அப்படியே நிக்கும். உங்களுது ஹார்மோன் வேற. நிறுத்தினா ஆறு மாசத்துல, ஒரு வருஷத்துல திரும்ப எட்டிப் பாக்கும். பாக்கும்போதெல்லாம் போய் சுட்டுக்கிட்டே இருக்கணும்."

"திரும்ப வரக் கூடாது" என்றாள் ரூபிந்தர். "ஏப்ரல்ல வைசாகிப் பண்டிகைக்குள்ள முடிஞ்சிடணும். அதுக்கப்புறம் நான் முகத்துல கையே வைக்க முடியாது."

கம்லேஷ் அவளை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். கையிலிருந்த இரும்புக் காப்பு, இறுகப் பின்னிய நீளக் கூந்தல், தலையை மூடிய துப்பட்டா. லூதியானாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு மேலே விளக்கம் தேவைப்படவில்லை.

"அமிர்தம் எடுக்கப் போறீங்களா?"

"ஆமா. குடும்பமா."

"இது நவம்பர். அஞ்சு மாசத்துல நடக்காது பெஹன்ஜி. ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம் ஆகும். ஏப்ரல்ல நிறுத்தினீங்கன்னா பாதி போயிருக்கும், பாதி இருக்கும்." கையை நீட்டி விளக்கை அணைத்தாள். "ஆரம்பிக்கிறதுன்னா அடுத்த வியாழக்கிழமை வாங்க. எட்டு நாள் தொடாதீங்க. நூல் கிடையாது, பிளக்கர் கிடையாது. அரை அரிசி நீளமாவது வேணும் எனக்கு."

எட்டு நாள். பதினாறு வயதிலிருந்து இந்த முப்பத்தெட்டு வயதுவரை, பிரசவ ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களைத் தவிர, அவள் ஒரு நாள்கூட அதைத் தொடாமல் விட்டதில்லை. பிரசவத்தின்போதும் தலையணை உறைக்குள் பிளக்கர் இருந்தது.

கன்னாவுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கணக்கு எங்கே இடித்தது என்று யோசித்துக்கொண்டு வந்தாள். கணக்கு அவளுக்கு நேராகத்தான் பட்டிருந்தது. அமிர்தம் எடுத்து சீக்கிய தீட்சை பெற்றபின் உடம்பில் ஒரு முடியையும் நீக்கக் கூடாது. எடுக்கும் அன்று புதுப் பிறவி, அதற்கு முன்னால் செய்ததெல்லாம் கழுவிப் போய்விடும். அப்படியென்றால் முன்னாலேயே வேரோடு முடித்துவிட்டால் பின்னால் தொடவேண்டிய அவசியமே வராது, குருவுக்கும் பொய் சொல்லவேண்டாம், புருஷனுக்கும் முகம் மாறவேண்டாம். தடை வருவதற்கு முன்தினம் கடையில் சாமானை வாரிக்கொண்டு வருகிற புத்தி இது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. இப்போது பார்த்தால் சீக்கிரம் ஆகிற லேசர் நிலைக்காது. நிலைக்கிற ஊசி சீக்கிரம் ஆகாது. நூலுக்கும் பிளக்கருக்கும் ஐந்து மாதம்தான் ஆயுள்.

தேஜ்பாலிடம் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லலாம்தான். சொல்லியும் பார்த்தாள்.

தேஜ்பால் சிங்குக்கு ஜி.டி. ரோட்டில் டிராக்டர் உதிரிபாகக் கடை. குடியை விட்டு இருபத்திரண்டு மாதமாகிறது. அதற்கு முந்தைய ஐந்து வருடங்களைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. கடை ஷட்டருக்குள் அவர் விழுந்து கிடந்ததும், மகள் கீரத்தின் பிறந்தநாளன்று தலைப்பாகையைச் சாக்கடையோரம் தொலைத்துவிட்டு வெறும் தலையோடு வந்து நின்றதும் பேச்சில் வராமலே எல்லோருக்கும் ஞாபகமிருந்தது. எந்த டாக்டராலும் ஆகாதது, விடியற்காலையில் குர்துவாராவுக்குப் போய் வருகிறவர்களின் செருப்பைத் துடைக்கத் தொடங்கியதில் நடந்தது. முதலில் கை நடுக்கம் நின்றது, பிறகு பேச்சில் பழைய மென்மை வந்தது. ரூபிந்தர் அந்த மனிதரை மறுபடி நேசிக்கத் தொடங்கியிருந்தாள். அதனால்தான் பயமும் கூடியது.

"அதுக்கடுத்த வைசாகிக்கு எடுத்துக்கலாமே சர்தார்ஜி" என்று சாப்பாட்டுத் தட்டை வைக்கும்போது பட்டும் படாமலும் சொன்னாள். "கீரத்துக்கும் ஒரு வயசு கூடும்."

அவர் ரொட்டியைப் பிய்க்காமல் பிடித்திருந்தார். "இன்னும் ஒரு வருஷம் என்னால தாங்க முடியுமான்னு தெரியல ரூப். இப்ப கதவு சாத்திதான் இருக்கு. தாழ்ப்பாள் போடல. அமிர்தம்தான் எனக்குத் தாழ்ப்பாள்." பிறகு சிரிக்க முயன்றார். "தனியா போய் எடுக்கவும் எனக்குத் துணிச்சல் இல்ல. குர்துவாராவுல கிரந்தம் படிக்கிற கியானியும் புருஷன் பொண்டாட்டியா வாங்கன்னுதான் சொல்றார். நீ பக்கத்துல உக்காந்தா நான் எடுப்பேன்."

ரூபிந்தர் பருப்பை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமைக்குள் விரலுக்குத் தெரிய ஆரம்பித்தது. தாடையின் அடியில் சொரசொரவென்று, துருவியின் பின்பக்கம் போல. ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கும் தெரிந்தது. அன்று குர்துவாராவின் சமையல்கூடத்தில் ரொட்டி தேய்க்க உட்காரும்போது துப்பட்டாவை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். எதிரே, வங்கியில் வேலை பார்க்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்காது, அமிர்தம் எடுத்தவள். நீலத் தலைப்பாகை, முகத்தின் இருபக்கமும் இறங்கி வரும் மெல்லிய தாடி. அவள் பக்கத்திலிருந்தவளிடம் மாவு இளகிவிட்டது என்று கிண்டலடித்துச் சிரித்துக்கொண்டு, உருண்டைகளை மளமளவென்று தட்டிப் போட்டாள். அவளை யாரும் உற்றுப் பார்க்கவில்லை, ரூபிந்தரைத் தவிர. ரூபிந்தரால் கண்ணை எடுக்க முடியவில்லை. பொறாமையாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் இருந்தது நம்பிக்கையா, துணிச்சலா, இல்லை வெறும் பழக்கமா என்று கேட்க ஆசைப்பட்டாள். நமக்கு அதில் எதுவும் இல்லை, நமக்கு இருப்பது இருபத்திரண்டு வருடப் பொய் மட்டும்தான் என்று நினைத்தபோது கையிலிருந்த ரொட்டி வட்டத்திலிருந்து கோணலாகப் போயிற்று.

திங்கட்கிழமை காலை பல்வலி வந்தது. அதாவது, ரூபிந்தர் வரவழைத்தாள். பழைய மல்மல் துணியைத் தாடையை அணைத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு, ஒரு பக்கமாகப் பேச ஆரம்பித்தாள். நன்றாகத்தான் நடித்தாள். நடிப்பு நன்றாக இருந்ததுதான் வம்பாகப் போயிற்று. தேஜ்பால் கிராம்பு எண்ணெய் வாங்கி வந்தார். மறுநாள் கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, தானே கிச்சடி வைத்து, ஆறவைத்துக் கொடுத்தார். குடித்திருந்த காலத்தில் இந்த மனிதர் அவள் நிஜமான காய்ச்சலில் கிடந்தபோது எட்டிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது இல்லாத பல்வலிக்கு விழுந்து விழுந்து பணிவிடை செய்தார்.

"வலி குறையலயே. துணிய எடு, பாக்கறேன்."

"வேணாம், காத்து பட்டா உயிர் போகுது."

"வியாழக்கிழமை கடைய சாத்திடறேன். லூதியானாவுல நல்ல பல் டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன். நீ ஒண்ணும் பேசாத."

வியாழக்கிழமை. கம்லேஷ் வரச்சொன்ன நாள். ரூபிந்தருக்கு அழுகை வராமல் சிரிப்பு வந்தது. அதையும் வலி என்று நினைத்து அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அவளுடைய அம்மா நாபாவில், பிறந்த வீட்டின் பின்கட்டு அறையில், வாயில் ஒரு நுனியும் விரல்களில் மறு நுனியுமாக நூலைப் பிடித்து, பதினாறு வயது ரூபிந்தரின் தாடையிலிருந்து முதல்முறை அதை எடுத்தபோது சொன்னது ஒன்றுதான். யாருக்கும் தெரியக் கூடாது, நாளைக்குக் கட்டிக்கிறவனுக்கும் தெரியக் கூடாது. பெண் பார்க்க வந்தபோது தேஜ்பாலின் வீட்டார், முகம் பளிங்கு மாதிரி இருக்கிறது, அழகு நிலையம் பக்கமே போகாத பெண் என்று மெச்சினார்கள். அவள் அம்மா அடக்கமாகத் தலைகுனிந்திருந்தாள். அப்படி ஆரம்பித்தது. பின்னால் கீரத் பிறந்தபோது, மஞ்சளும் கடுகெண்ணெயும் கலந்து பிசைந்த கோதுமை மாவு உருண்டையால் குழந்தையின் நெற்றியையும் முதுகையும் பூனைமுடி உதிரட்டும் என்று ரூபிந்தர் தினமும் உருட்டி எடுத்தாள். நாற்பது நாள் போதும் என்பார்கள், அவள் ஏழு மாதம் விடாமல் உருட்டினாள். குழந்தை வீறிட்டு அழும். அழட்டும், இப்போது அழுதால் பின்னால் அழவேண்டாம் என்று தன் மனதைக் கல்லாக்கிக்கொண்டு உருட்டினாள்.

மாவு தோற்றது. கீரத்துக்குப் பதின்மூன்று வயது முடியுமுன்னே மேலுதட்டில் நிழல் விழுந்துவிட்டது. போன வருடம் அவள் ஒரே ஒருமுறை கேட்டாள். "மம்மா, கிளாஸ்ல எல்லாரும் என்னை வீர்ஜின்னு கூப்பிடறாங்க. நூல் போட்டுக்கட்டுமா?" வீர்ஜி என்றால் அண்ணன். அப்போது ரூபிந்தர் சொன்ன பதிலை இன்றைக்கு நினைத்தாலும் அவளுக்குக் கூசுகிறது. "நம்ம வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல. தன்னால சரியாப்போகும்" என்றாள். அன்று காலையில் பிடுங்கிய சூடுகூட அவள் தாடையில் ஆறியிருக்கவில்லை.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்குத் தேஜ்பால் கடையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். மறுநாள் மூடுவதால் கணக்குப் புத்தகத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவர், முற்றத்துக் குழாயடியில் கீரத் குனிந்து வாயைக் கழுவிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

அந்த வீட்டில் பிளேடு என்ற ஒன்று கிடையாது. சவரக் கத்தி கிடையாது, கத்தரிக்கோல்கூடத் துணி வெட்டுவதற்கு மட்டும்தான். பெண் என்ன செய்தாள் என்றால், பென்சில் துருவியின் சின்னத் திருகைக் கழற்றி, அந்தத் தகட்டை எடுத்து, மேலுதட்டில் இழுத்துப் பார்த்திருக்கிறாள். பாதி மழித்திருந்தது. மீதியில் தோல் கிழிந்து ரத்தம் வழிந்தது.

ரூபிந்தர் ஓடி வந்து தன் துப்பட்டா நுனியை உதட்டில் வைத்து அழுத்தினாள். கீரத் அழவில்லை. தேஜ்பால் கத்தவும் இல்லை. அவர் கத்தியிருந்தால் தேவலை. குழாயடிக் கல்லின் மேல் உட்கார்ந்து, அந்தத் துருவித் தகட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிக்குதா புத்தர்?" என்றார். பஞ்சாபில் மகளையும் 'புத்தர்', மகனே என்றுதான் கொஞ்சுவார்கள்.

கீரத் இல்லையென்று தலையசைத்தாள்.

"நான் கெட்டு அலைஞ்சப்போ என்கிட்ட எதுவுமே மிச்சம் இல்ல. இந்த முடி மட்டும் இருந்துச்சு. சாக்கடையில கிடந்தப்பவும் இருந்துச்சு. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறி வந்தேன். உனக்கு அது சொன்னா புரியாது, பரவால்ல." அவர் ரூபிந்தர் பக்கம் கை காட்டினார். "நான் சொல்றத விடு. உன் அம்மாவப் பாரு. முப்பத்தெட்டு வயசாகுது. ஒரு நாள் முகத்துல கை வெச்சிருப்பாளா? ஒரு பார்லர் வாசப்படி மிதிச்சிருப்பாளா? குரு குடுத்தத அப்படியே வெச்சிருக்கா. எப்படி இருக்கு பாரு அந்த முகம். பொறுமையா இருந்தா உனக்கும் அப்படி வரும்."

கீரத் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். துணிக் கட்டுக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. துணிக்கு அடியில் ஏழு நாள் வளர்ச்சி, வியர்வையில் நமநமவென்று அரித்தது. இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று ரூபிந்தரின் நெஞ்சு அடித்துக்கொண்டது. வாய் வரவில்லை. அவர் கையில் அந்தத் தகடு லேசாக நடுங்குவதைப் பார்த்தாள். இருபத்திரண்டு மாதத்துக்குப் பிறகு அந்த நடுக்கத்தை இப்போதுதான் பார்க்கிறாள். "உள்ள போய் மஞ்சள் வெக்கலாம் வா" என்று மகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கீரத்தின் அறையில் கதவைச் சாத்திவிட்டு மஞ்சளைக் குழைத்து வைத்தாள். பெண் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறுமையா இருந்தா உன்னை மாதிரி ஆயிடுமாம்" என்றாள். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை குழறியது. "நீ இருந்த மாதிரி எல்லாராலயும் இருக்க முடியாது மம்மா. உனக்கு என்ன, கடவுள் குடுத்துட்டார்."

ரூபிந்தர் உச்சந்தலை முடிச்சை அவிழ்த்தாள்.

துணி விழுந்ததும் கீரத் முதலில் புரியாமல் பார்த்தாள். பிறகு கிட்டே வந்தாள். விரலை நீட்டி, சுடுமோ என்பதுபோல் மெதுவாக, தாடையின் அடியில் வைத்துப் பார்த்தாள். கறுப்பும் நரையுமாக அங்கே நன்றாகவே முளைத்திருந்தது. ரூபிந்தர் கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய விரல், அம்மாவின் விரல், கம்லேஷின் விரல், இவற்றைத் தவிர வேறு விரல் அதைத் தேடி அங்கே பட்டதில்லை. மகள் கட்டிக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தாள். தானும் கூட அழலாம் என்றிருந்தாள்.

"பல்வலி?"

"இல்ல. தினமும் பிடுங்குவேன். நாளைக்கு ஒருத்தி வேரைச் சுடறேன்னு சொல்லியிருக்கா. அதுக்குத்தான் வளர விட்டேன்."

கீரத் விரலை எடுத்துக்கொண்டாள். "என்கிட்ட தன்னால சரியாப்போகும்னு சொன்ன."

"சொன்னேன்."

"ஒரு வருஷமா நான் தினம் கண்ணாடியில பாக்கறேன், எப்போ போகும்னு. எனக்கு மட்டுந்தான் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். நம்ம வீட்டுல யாருக்கும் இல்லையே, எனக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு." அவள் குரல் உயரவே இல்லை. "அப்பா இப்போ சொன்னப்போகூட நீ வாயத் திறக்கல."

"உங்கப்பா தாங்க மாட்டாரோன்னு பயம் கீரத். திரும்பக் குடிக்க ஆரம்பிச்சிட்டா?"

"நான் தாங்குவேன்னு யார் சொன்னா?" என்றாள் பெண். போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். அன்று அவள் சாப்பிட எழுந்து வரவில்லை.

ரூபிந்தர் துணியை மறுபடி கட்டிக்கொண்டுதான் சமையலறைக்குப் போனாள். அதைக் கட்டும்போது தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. கட்டாமலும் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை வெயில் நன்றாக வந்திருந்தது. குளித்துவிட்டு, ஈரத் தலையை உலர்த்தி முடிந்துகொண்டு, தேஜ்பால் முற்றத்தில் நின்றார். லூதியானா போகிற நாள் என்பதால் வெளிர்பச்சைத் தலைப்பாகையை எடுத்திருந்தார். ஐந்து மீட்டருக்குமேல் நீளமுள்ள துணி அது, தலையில் சுற்றுமுன் ஒருவர் ஒரு முனையையும் இன்னொருவர் மறு முனையையும் பிடித்து, விறைப்பாக இழுத்து, நாலு மடிப்பாக நேர்செய்யவேண்டும். நடுவில் எந்த இடமும் தரையில் படக் கூடாது. தினமும் பள்ளிக்கூடம் கிளம்புமுன் மறு முனையைப் பிடிப்பது கீரத்.

"கீரத், வா புத்தர்."

உள்ளேயிருந்து பதில் இல்லை.

"கோவமா இருக்கா போல" என்றார் தேஜ்பால் தனக்குள்.

சமையலறையில் நின்ற ரூபிந்தருக்கு, அந்த மூடிய கதவிலிருந்து பதில் வராதது யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல இருந்தது. இன்று பல் டாக்டரிடம் போய் வாயைத் திறந்து காட்டி, இன்னொரு பொய்யைக் கண்டுபிடித்து, அடுத்த வியாழக்கிழமை கம்லேஷிடம் போகலாம். லேசருக்கே போகலாம். ஏப்ரல்வரை பிளக்கரும் குளியலறைத் தாழ்ப்பாளும் போதும். எல்லா வழியும் திறந்துதான் இருந்தது. எந்த வழியில் போனாலும் அந்தப் பெண் போர்வைக்குள் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருப்பாள். ஊசியா லேசரா என்று எட்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் இப்போது இரண்டாம் பட்சமாகிவிட்டது. துணியை அவிழ்த்து அடுப்பு மேடையில் வைத்தாள். முற்றத்துக்கு இறங்கினாள்.

"நான் பிடிக்கறேன் சர்தார்ஜி."

அவர் துணியின் ஓரத்தை நேர்செய்வதில் குனிந்திருந்தார். நிமிராமலே மறு முனையை நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய், முற்றத்தின் மறுகோடியில் கொய்யா மரத்தடியில் நின்றாள். மரத்தில் இலை குறைவு. வெயில் அவள் முகத்தில் நேராக விழுந்தது.

"இழு" என்றார்.

இழுத்தாள். ஒரு மடிப்பு. துணி படபடத்து நேரானது.

"இன்னொரு தரம்."

இரண்டாவது மடிப்புக்கு இரண்டு ஓரமும் சேர்கிறதா என்று பார்க்க, துணியின் மேலாகவே அவர் பார்வை நீண்டு அவளிடம் வந்தது. வந்த இடத்தில் நின்றது.

பக்கத்து வீட்டில் யாரோ பால் வாளியை வைத்தார்கள். தெருவில் ஒரு டெம்போ போயிற்று.

"பல்லு..." என்று ஆரம்பித்தார்.

"எனக்குப் பல்லு வலிக்கல" என்றாள் ரூபிந்தர். குரல் தன்னுடையதாகவே இல்லை. "வலிச்சதே இல்ல. இது பதினாறு வயசுலேர்ந்து இருக்கு. தினமும் காலையில பிடுங்கிட்டுத்தான் உங்க முன்னாடி வந்திருக்கேன். கல்யாணத்தன்னிக்கும். கீரத்துக்கு வந்தது என்கிட்டேர்ந்துதான்."

கோபமா, துக்கமா, இல்லை பழைய தாகமா என்று அவர் முகத்தில் தேடினாள், தாடிக்குள் எதுவும் பிடிபடவில்லை. அவர் பிடி தளர்ந்தது. துணி நடுவில் தொய்ந்து இறங்கத் தொடங்கியது. ரூபிந்தர் பின்னால் நகர்ந்து இழுத்தாள். முதுகு மரத்தில் இடித்தது, அதற்குமேல் போக இடமில்லை. பச்சைத் துணி குழாயடி ஈரத்துக்கு ஒரு சாண் மேலே வந்துவிட்டது.

கதவு திறந்த சத்தம் கேட்டது. கீரத் போர்வையோடு, வெறுங்காலோடு ஓடிவந்தாள். உதட்டில் மஞ்சள் காய்ந்து வெடித்திருந்தது, பாதி மீசை அப்படியே இருந்தது. குனிந்து, இரண்டு கையையும் துணியின் அடியில் கொடுத்துத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள்.

தேஜ்பாலின் முனை இன்னும் அவர் விரல்களுக்குள்தான் இருந்தது. அவர் அதை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.